கொழுப்புக் கிடங்கிலிருந்து மைட்டோகாண்ட்ரியா வரை

1. இருப்பு ஏன் தேவைப்படுகிறது

உடலின் ஒவ்வொரு செல்லும் நொடிதோறும் ஆற்றலைச் செலவிடுகிறது. உணவோ நொடிதோறும் வருவதில்லை. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் காலை 8 மணிக்குத் தட்டின் முன் உட்காரும்வரை 12 மணி நேரம் வயிற்றுக்கு எதுவும் போகவில்லை. அந்த நேரம் முழுவதும் இதயம் துடிக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது, மூளை கனவு காண்கிறது. இந்த வேலைகள் தடைபடாமல் நடப்பதற்குக் காரணம் உடல் வைத்திருக்கும் இரண்டு இருப்புகள்: ஒன்று கிளைகோஜன், மற்றொன்று கொழுப்பு.

கிளைகோஜன் என்பது குளுக்கோஸைக் கோத்து வைத்த சங்கிலி. நடுத்தர எடையுள்ள ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். மொத்தமாகச் சுமார் 2,000 கிலோகலோரி. ஒரு நாள் செலவுக்குச் சரியாகப் போய்விடும். அதே மனிதரின் உடலில் 12 கிலோ கொழுப்பு இருந்தால் அது ஒரு லட்சம் கிலோகலோரிக்கு மேற்பட்ட ஆற்றல். பல வாரங்களுக்குப் போதும்.

நீண்டகால இருப்பாக உடல் கொழுப்பைத் தேர்ந்ததற்கு எடையே காரணம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 தருகிறது. கிளைகோஜன் தன் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்போ நீரை ஒதுக்கிவிட்டுத் தனியே அடங்குகிறது. ஆகவே நீரோடு கணக்கிட்டால், எடைக்கு எடை கொழுப்பின் ஆற்றல் கிளைகோஜனைவிட 6 மடங்குக்கும் அதிகம். பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை 11,000 கிலோமீட்டருக்கும் மேல் எங்கும் இறங்காமல் பறக்கிறது. புறப்படும்போது அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதே ஆற்றலைக் கிளைகோஜனாகச் சுமந்திருந்தால் அந்தப் பறவை தரையை விட்டே எழும்பியிருக்காது.

2. கொழுப்புத் துளியின் அமைப்பு

சேமிப்புக் கொழுப்பின் வேதிப்பெயர் ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. கொழுப்பு அமிலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் மூன்றாகக் கட்டி வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. தனித்த கொழுப்பு அமிலம் சோப்பைப் போன்றது: ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். செல்லின் சவ்வுகளும் கொழுப்பால் ஆனவையே. ஆகவே கட்டுப்பாடில்லாமல் சேரும் கொழுப்பு அமிலம் சவ்வுகளைக் குலைத்து செல்லையே கொல்லக்கூடும். கிளிசராலோடு கட்டப்பட்டதும் அதன் சோப்புத்தன்மை போய்விடுகிறது. ஆற்றலைச் சேர்த்து வைப்பதோடு நஞ்சை அடக்கி வைப்பதும் சேமிப்பின் வேலை. இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி இது.

ட்ரைகிளிசரைடு செல்லுக்குள் கொழுப்புத் துளியாக இருக்கிறது. துளியின் நடுவில் எண்ணெய். சுற்றிலும் பாஸ்போலிப்பிடுகளால் ஆன ஒற்றை அடுக்கு உறை. செல்லின் மற்ற நுண்ணுறுப்புகளின் சவ்வுகளுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. கொழுப்புத் துளிக்கு ஒன்றே போதும். துளி பிறக்கும் விதத்திலிருந்தே இந்த வேறுபாடு வருகிறது.

எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வுத் தொகுதியில்தான் ட்ரைகிளிசரைடு தயாராகிறது. மூன்றாவது கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து முடித்துவைப்பவை டிஜிஏடி-1, டிஜிஏடி-2 என்ற நொதிகள். உண்டான எண்ணெய் நீரில் கரையாது. எனவே சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலேயே தங்குகிறது. பூரி வாணலியில் உப்பும்போது இரண்டு ஏடுகள் பிரிந்து நடுவில் ஆவி நிறைவதுபோல, இங்கே இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் எண்ணெய் நிறைகிறது. பின்னர் அது வெளிப்பக்கமாக மட்டும் புடைத்து, அந்த ஒரு பக்க அடுக்கையே உறையாகப் போர்த்திக்கொண்டு துளியாகிறது. புடைக்கும் இடத்தில் செய்ப்பின் என்ற புரதம் நின்று துளியின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகிறது.

வெள்ளைக் கொழுப்பு செல்லில் ஒரே ஒரு பெருந்துளி இருக்கும். 100 மைக்ரான் அளவுக்குப் பருக்கும் அந்தச் செல்லில் கிட்டத்தட்ட முழு இடத்தையும் துளியே பிடித்துக்கொள்ள, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. கல்லீரல், தசை, இதயம் போன்றவற்றின் செல்களில் ஒரு மைக்ரான் அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ பல துளிகள் சிதறிக் கிடக்கும். முன்னது ஊர்ப் பொதுக் களஞ்சியம். பின்னது அந்தந்த வீட்டின் குதிர்.

இந்தத் துளிகளை விஞ்ஞானிகள் நெடுங்காலம் உயிரற்ற எண்ணெய்க் கசிவாகவே கருதினார்கள். துளியின் மேற்பரப்பில் பெரிலிப்பின் என்ற புரதம் 1991-இல் அடையாளம் காணப்பட்டபின் அந்த எண்ணம் மாறியது. எந்த நேரத்தில் எந்த நொதி துளியைத் தொடலாம் என்பதை இந்தப் புரதக் குடும்பமே முடிவு செய்கிறது. கொழுப்புத் துளி இன்று செல்லின் முழுமையான நுண்ணுறுப்புகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

3. தட்டிலிருந்து துளி வரை

உணவில் உள்ள எண்ணெயும் நெய்யும் பித்தநீரால் சிறுசிறு துகள்களாகக் கலங்கி, கணையம் சுரக்கும் லைப்பேஸ் நொதியால் பிரிக்கப்பட்டு, சிறுகுடல் செல்களுக்குள் நுழைகின்றன. அங்கே மீண்டும் ட்ரைகிளிசரைடாகக் கட்டப்பட்டு, கைலோமைக்ரான் என்ற பொதிகளில் ஏறி, நிணநீர் வழியாக ரத்தத்தை அடைகின்றன. கொழுப்புத் திசுவின் நுண்குழாய்ச் சுவர்களில் லிப்போபுரத லைப்பேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது பொதியைப் பிரித்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்க, அவை செல்லுக்குள் போய் மறுபடியும் ட்ரைகிளிசரைடாகின்றன. கொழுப்பு எந்தச் சவ்வைக் கடப்பதாக இருந்தாலும் அவிழ்க்கப்படுகிறது; கடந்ததும் கட்டப்படுகிறது.

அரிசி, கோதுமை, சர்க்கரை ஆகியவற்றின் மிகுதியும் இதே கிடங்கைத்தான் நிரப்புகிறது. குளுக்கோஸ் நிறைய இருக்கும்போது உடல் அதையே முதலில் எரிக்கிறது. உண்ட கொழுப்பு செலவாகாமல் இருப்பில் சேர்கிறது. கிளைகோஜன் கிடங்குகள் நிறைந்தபின் கல்லீரல் குளுக்கோஸையே கொழுப்பு அமிலமாக மாற்றி ரத்தத்தில் அனுப்புவதும் உண்டு. இந்த இரண்டு வேலைகளையும் ஊக்குவிப்பது இன்சுலின்.

வளர்ந்தவர் உடலில் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை என்று 2008-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதச் செல்கள் இறக்க, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எடை குறைந்தவரின் கொழுப்பு செல்கள் சுருங்குகின்றனவே ஒழிய மறைந்துவிடுவதில்லை. குறைத்த எடை எளிதில் திரும்பி வருவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

4. களஞ்சியம் திறக்கும் விதம்

உணவு இடைவெளி நீளும்போது ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. உடல் உழைக்கும்போதோ அச்சப்படும்போதோ அட்ரினலினும் நார்அட்ரினலினும் கூடுகின்றன. இந்த இரண்டு மாற்றங்களே களஞ்சியத்தைத் திறக்கும் உத்தரவுகள்.

அட்ரினலின் கொழுப்பு செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டதும் உள்ளே ஒரு சங்கிலி தொடங்குகிறது. சுழற்சி ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகி, புரத கைனேஸ்-ஏ என்ற நொதியை எழுப்புகிறது. அது பெரிலிப்பின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதுவரை பெரிலிப்பின் பிடித்து வைத்திருந்த சிஜிஐ-58 என்ற துணைப்புரதம் விடுபட்டு, வெட்டும் நொதியோடு சேர்ந்துகொள்கிறது. இன்சுலின் இதற்கு நேர் எதிரானது: சுழற்சி ஏஎம்பியைச் சிதைத்து இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது.

ட்ரைகிளிசரைடை மூன்று நொதிகள் வரிசையாக வெட்டுகின்றன. முதல் கொழுப்பு அமிலத்தை வெட்டுவது ஏடிஜிஎல்; இரண்டாவதை வெட்டுவது ஹார்மோன் உணர் லைப்பேஸ்; கடைசியை வெட்டுவது மோனோகிளிசரைடு லைப்பேஸ். ஹார்மோன் உணர் லைப்பேஸே முதல் வெட்டையும் செய்வதாகப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த நொதி இல்லாத எலிகளிலும் கொழுப்பு கரைந்தது கேள்வியை எழுப்பியது. 2004-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழு ஏடிஜிஎல் நொதியை விவரித்ததும் விடை கிடைத்தது.

விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் தனியாகப் பயணிப்பதில்லை. அல்புமின் என்ற புரதம் அவற்றைச் சுமந்து செல்கிறது. இதய, தசைச் செல்களின் வாசலில் சிடி-36 என்ற புரதம் அவற்றை உள்வாங்க, செல்லுக்குள் வேறொரு புரதம் ஏற்றுக்கொள்கிறது. சோப்பைப் போன்ற அந்த மூலக்கூறு வழி நெடுக யாராவது ஒருவர் பிடியிலேயே இருக்கிறது. மிஞ்சிய கிளிசரால் கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸ் தயாரிக்கப் பயன்படுகிறது.

5. பட்டினியில் ஒரு செல் செய்வது

களஞ்சியத்திலிருந்து வந்த கொழுப்பானாலும் செல்லின் சொந்தக் குதிரில் இருந்த கொழுப்பானாலும், எரிய வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா. துளியிலிருந்து அங்கே போய்ச்சேர இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன நொதிகள் துளியின் மேற்பரப்பிலேயே வெட்டித் தருவது. இரண்டாவது லிப்போஃபேஜி: துளியின் ஒரு பகுதியைச் சவ்வுப் பையில் சுற்றி, செல்லின் செரிப்பு நுண்ணுறுப்பான லைசோசோமுக்குக் கொண்டுபோய்ச் செரிப்பது. கல்லீரல் செல்களில் இந்த இரண்டாவது வழி நடப்பதை 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

பட்டினியில் எந்த வழி எவ்வளவு பயன்படுகிறது என்ற கேள்வியை 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நேரடியாகப் பார்த்தது. அமெரிக்காவின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களில் ஏஞ்சலிகா ராம்போல்ட், சாரா கோஹென், ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் ஆகியோர் எலிக்கரு நார்ச் செல்களுக்கு ஒளிரும் கொழுப்பு அமிலத்தை ஊட்டினார்கள். ஊட்டக் கரைசல் நிறைந்திருந்தவரை அந்த ஒளி கொழுப்புத் துளிகளிலேயே தங்கியிருந்தது. செல்களைப் பட்டினி போட்டபோது ஒளி படிப்படியாகத் துளிகளை விட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நகர்ந்தது.

ஆய்வில் மூன்று செய்திகள் தெளிவாயின.

முதலாவது, இந்தச் செல்களில் கொழுப்பைத் துளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பியது நொதிகளின் வெட்டே. ஏடிஜிஎல் நொதியைக் குறைத்தபோது மாற்றம் தடைபட்டது.

இரண்டாவது, ஆட்டோஃபேஜி என்ற தற்செரிப்பு வேறொரு வேலையைச் செய்தது. பட்டினியில் செல் தன் பழைய சவ்வுகளையும் உறுப்புகளையும் தானே செரிக்கிறது. அதில் கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் நேரே அடுப்புக்குப் போகாமல் முதலில் கொழுப்புத் துளிகளுக்குள் வைக்கப்படுகின்றன. பட்டினி கிடக்கும் செல்லில் கொழுப்புத் துளிகள் குறைவதற்குப் பதிலாகப் பெருகக்கூடும் என்ற வியப்பான காட்சிக்கு இதுவே விளக்கம்.

மூன்றாவது, மைட்டோகாண்ட்ரியாவின் வடிவம் முக்கியமானது. பட்டினியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வலையாகின்றன. இணைந்த வாய்க்கால்களில் ஒரு மடை வழியாக வந்த நீர் எல்லா வயலுக்கும் பாய்வதுபோல, ஓரிடத்தில் நுழைந்த கொழுப்பு அமிலம் வலை முழுவதும் பரவுகிறது. இணையும் திறனை இழந்த செல்களில் சில மைட்டோகாண்ட்ரியாக்களுக்கு அளவுக்கு மேல் கிடைத்தது. சிலவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. எரிப்பு குறைந்தது. எரிக்க முடியாத கொழுப்பைச் செல் மீண்டும் துளிகளில் அடைத்தது; செல்லுக்கு வெளியேயும் தள்ளியது. வெளியேறியதைப் பக்கத்துச் செல்கள் எடுத்துக்கொண்டன.

பட்டினியிலும் முதலில் துளியில் வைத்துப் பிறகு கொடுக்கும் சுற்றுவழி ஏன் என்பதை 2017-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் ஓல்ஸ்மன் குழு விளக்கியது. பட்டினியில் டிஜிஏடி-1 நொதியைத் தடுத்தால் புதுத் துளிகள் உண்டாவதில்லை. அப்போது கொழுப்பு அமிலங்கள் ஒரேயடியாக மைட்டோகாண்ட்ரியாவை நோக்கிப் பாய்ந்து, அசைல்கார்னிடைன் என்ற இடைப்பொருளாகக் குவிந்து, மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாட்டைக் கெடுத்தன. அளந்து கொடுத்தால் எரிபொருளாகும் பொருளே கொட்டிக் கொடுத்தால் நஞ்சாகிறது.

துளியும் மைட்டோகாண்ட்ரியாவும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. இதய, தசைச் செல்களில் பெரிலிப்பின்-5 என்ற புரதம் இரண்டையும் ஒட்டவைக்கிறது. ஆனால் ஒட்டியிருந்தாலே எரிக்கிறது என்று பொருளாகாது. வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு செல்களில் துளியோடு ஒட்டிய மைட்டோகாண்ட்ரியாக்கள் கொழுப்பை எரிப்பதைவிடத் துளியைக் கட்டுவதற்கான ஆற்றலை வழங்குவதிலேயே முனைப்பாக இருப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

6. கார்னிடைன் வாசல்

மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உள்ளன. உட்சவ்வைக் கடந்தால்தான் எரிப்பு நடக்கும் கூடம். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் தானாக அதைக் கடக்க முடியாது. அதற்கு நான்கு படிகள் உள்ளன.

முதல் படியில், கொழுப்பு அமிலத்தோடு கோஎன்சைம்-ஏ இணைக்கப்படுகிறது. இதற்குச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் 2 அளவு ஆற்றல் முன்பணமாகச் செலவாகிறது. இரண்டாவது படியில், வெளிச்சவ்வில் உள்ள சிபிடி-1 நொதி கோஎன்சைம்-ஏவை நீக்கி அந்த இடத்தில் கார்னிடைனைச் சேர்க்கிறது. மூன்றாவது படியில், உட்சவ்வில் உள்ள கடத்துப் புரதம் இந்த அசைல்கார்னிடைனை உள்ளே விட்டு, வெறும் கார்னிடைன் ஒன்றை வெளியே அனுப்புகிறது. நான்காவது படியில், உள்ளிருக்கும் சிபிடி-2 நொதி கார்னிடைனைக் கழற்றி மறுபடியும் கோஎன்சைம்-ஏவைப் பூட்டுகிறது. கழன்ற கார்னிடைன் அடுத்த சுமைக்காகத் திரும்பிப் போகிறது. ஆற்றைக் கடக்கும் பரிசல்போல அது போய்ப்போய் வருகிறது, தான் எரிவதில்லை.

இந்த நான்கில் கட்டுப்பாடு இருப்பது சிபிடி-1 நொதியிடம். உண்டபின் இன்சுலின் உயர்ந்து, செல் புதிய கொழுப்பைத் தயாரிக்கத் தொடங்கும்போது மலோனைல் கோஎன்சைம்-ஏ என்ற இடைப்பொருள் பெருகுகிறது. அது சிபிடி-1 நொதியைத் தடுக்கிறது. கொழுப்பைக் கட்டும் அதே நேரத்தில் எரிக்கும் வீண்வேலை இதனால் தவிர்க்கப்படுகிறது. இன்சுலின் தணிந்ததும் மலோனைல் கோஎன்சைம்-ஏ குறைகிறது, வாசல் திறக்கிறது. டென்னிஸ் மெக்கேரியும் டேனியல் ஃபாஸ்டரும் 1977-இல் இந்தத் தடையைக் கண்டறிந்தார்கள்.

8, 10 கார்பன்கள் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்குக் கல்லீரலில் இந்த வாசல் தேவைப்படுவதில்லை. நேரடியாகவே உள்ளே போகின்றன. நீண்ட சங்கிலிக் கொழுப்பை எரிக்க முடியாத சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் நடுத்தரச் சங்கிலி எண்ணெயைத் தருவது இதனால்தான். 22 கார்பன்களுக்கு மேற்பட்ட மிக நீண்ட சங்கிலிகள் முதலில் பெராக்சிசோம் என்ற மற்றொரு நுண்ணுறுப்பில் குறுக்கப்படுகின்றன.

7. எரிப்பும் கணக்கும்

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பன்களாக நறுக்கப்படுகிறது. இதற்கு பீட்டா ஆக்சிஜனேற்றம் என்று பெயர். ஜெர்மனியின் ஃபிரான்ஸ் நூப் 1904-இல் பென்சீன் வளையம் ஒட்டிய கொழுப்பு அமிலங்களை நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் வந்த எச்சங்களைப் பார்த்து இதை ஊகித்தார். கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவகை எச்சமும் இரட்டைப்படையானால் வேறு வகை எச்சமும் வந்ததால், வெட்டு எப்போதும் இரண்டு கார்பன் இடைவெளியில் விழுகிறது என்பது தெளிவானது. இந்த வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்பதை 1940-களின் இறுதியில் யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் எலியின் கல்லீரலில் நிறுவினார்கள்.

16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதில் விளங்கும். 7 வெட்டுகளில் 8 அசிட்டைல் கோஎன்சைம்-ஏ கிடைக்கின்றன. ஒவ்வொரு வெட்டிலும் ஆற்றலைச் சுமக்கும் எஃப்ஏடிஎச்2 ஒன்றும் என்ஏடிஎச் ஒன்றும் உண்டாகின்றன. இரண்டும் சேர்ந்து 4 ஏடிபி தரும். 7 வெட்டுகளுக்கு 28. அசிட்டைல் கோஎன்சைம்-ஏ ஒவ்வொன்றும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் 10 ஏடிபி தரும், எட்டுக்கு 80. கூட்டினால் 108. தொடக்கத்தில் கட்டிய முன்பணம் 2 போக, நிகர வரவு 106 ஏடிபி. பழைய பாடநூல்களில் காணப்படும் 129 என்ற எண் அக்கால மதிப்பீட்டின்படி கணக்கிடப்பட்டது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 30 முதல் 32 ஏடிபி.

கொழுப்பு எரிய ஆக்சிஜன் அதிகம் வேண்டும். ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறு முழுமையாக எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. நிதானமாக நடப்பவரின் தசைக்கு அந்த அளவு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. 100 மீட்டர் ஓட்டக்காரரின் தசை அதற்குக் காத்திருக்க முடியாது. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள பாஸ்பேட் இருப்பையும் கிளைகோஜனையும் நம்பி ஓடுகிறது.

எரிந்த கொழுப்பு எங்கே போகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரௌனும் 2014-இல் துல்லியமான கணக்கைத் தந்தார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. உடல் இழக்கும் கொழுப்பின் பெரும்பகுதி நுரையீரல் வழியே வெளியேறுகிறது. வியர்வையில் வடிவது நீரும் உப்பும்தான்.

பழுப்புக் கொழுப்பு செல்களில் இந்த வரவு செலவு மாறுகிறது. அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாக்களில் யூசிபி-1 என்ற புரதம் ஏடிபி உண்டாவதைத் தவிர்த்து ஆற்றலை நேராக வெப்பமாக்குகிறது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாத பச்சிளங்குழந்தையைக் குளிரிலிருந்து காப்பது இந்தச் சூடு.

8. எந்த உறுப்புக்கு எது எரிபொருள்

இதயம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலங்களிலிருந்து பெறுகிறது. ஓய்விலிருக்கும் தசையும் அப்படியே. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லாததால் அது குளுக்கோஸை மட்டுமே நம்புகிறது. மூளை கொழுப்பு அமிலங்களை எரிபொருளாகப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. பட்டினி நீளும்போது கல்லீரல் கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்களைத் தயாரித்து அனுப்ப, மூளை அவற்றை ஏற்றுக்கொள்கிறது. பல நாள் பட்டினியில் மூளையின் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களே நிறைவேற்றுகின்றன. தசைப் புரதம் கரைந்து குளுக்கோஸாவது அதனால் குறைகிறது.

9. எங்கெல்லாம் பழுது நேர்கிறது

சேமிப்பு இல்லாமை. செய்ப்பின் புரதத்தின் மரபணு பழுதானால் பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாத நோய் வருகிறது. இவர்கள் மெலிந்து காணப்பட்டாலும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் அடைந்து, இளவயதிலேயே கடுமையான நீரிழிவு வருகிறது. கொழுப்புத் திசு இல்லாமல் இருப்பது நலம் என்ற எண்ணத்துக்கு இந்த நோயே மறுப்பு.

திறக்க முடியாமை. ஏடிஜிஎல் அல்லது சிஜிஐ-58 பழுதானால் கொழுப்பு துளிகளிலேயே சிறைப்படுகிறது. முதலாவதில் எலும்புத் தசையும் இதயத் தசையும் பாதிக்கப்படுகின்றன. இரண்டாவதில் தோல் மீன்செதில்போல் வறண்டு உரிகிறது.

வாசல் கடக்க முடியாமை. சிபிடி-2 குறைபாடுள்ளவருக்கு நெடுநேர உழைப்புக்கோ உண்ணாநோன்புக்கோ பின் கடும் தசைவலி வரும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும்.

எரிக்க முடியாமை. நடுத்தரச் சங்கிலியை எரிக்கும் நொதி குறைந்த குழந்தை, காய்ச்சலிலோ வாந்தியிலோ உணவு தவறும்போது குளுக்கோஸ் சரிந்து மயங்கக்கூடும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். உரிய நேரத்தில் உணவு கொடுத்தால் குழந்தை நலமாக வளரும்.

இடம் மாறிய சேமிப்பு. மேற்சொன்னவை அரிதானவை, இது மிகப் பரவலானது. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு செல்களால் தாங்க முடியாத அளவு கொழுப்பு வந்தால், மிகுதி வயிற்றின் உட்பகுதியிலும் கல்லீரலிலும் தசையிலும் தங்குகிறது. அங்கே சேரும் இடைப்பொருள்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. கொழுப்புக் கல்லீரலும் இரண்டாம் வகை நீரிழிவும் இந்த வழியில் கைகோத்து வருகின்றன. தெற்காசியர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே இந்த நிலை வந்துவிடுகிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004-இல் குறிப்பிட்டது இதனால்தான்.

தசையில் துளிகள் இருப்பதே நோய் என்று கொள்ளக் கூடாது. நெடுந்தூர ஓட்டப் பயிற்சி உள்ளவர்களின் தசையிலும் துளிகள் நிறைய இருக்கின்றன. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. அவர்களிடம் அந்தத் துளி அன்றாடம் காலியாகி அன்றாடம் நிறைகிறது. உழைப்பில்லாதவரின் தசையில் அது தேங்கிக் கிடக்கிறது.

10. நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

இடுப்புச் சுற்றளவை அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. வயிற்றின் உட்கொழுப்பைப் பற்றி எடைத் தராசைவிட அளவு நாடா அதிகம் சொல்லும்.

நடை மிதமான வேகத்தில் இருந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் தசை கொழுப்பை நன்றாக எரிக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. தொடர் பயிற்சி தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளைப் பெருக்குகிறது என்பதை ஜான் ஹோலோசி 1967-இலேயே எலிகளில் காட்டினார்.

வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. களஞ்சியத்தைத் திறக்கும் உத்தரவு ரத்தத்தின் வழியே உடல் முழுவதற்கும் போகிறது.

உணவு இடைவெளிகளில் தின்பண்டத்தையும் இனிப்புப் பானத்தையும் தவிர்த்தால் இன்சுலின் தணிய நேரம் கிடைக்கும். கார்னிடைன் வாசலும் திறக்கும். ஆனால் நாள் முழுவதும் உண்டது செலவை மிஞ்சினால், இடையில் எரிந்த கொழுப்பு அடுத்த வேளையில் திரும்பச் சேர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

கார்னிடைன் மாத்திரை கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரத்தை நம்பத் தேவையில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து கார்னிடைனைத் தயாரிக்கின்றன. வாசலை மூடித் திறப்பது மலோனைல் கோஎன்சைம்-ஏ. கார்னிடைன் குறைபாடு உறுதியானவர்களுக்கு அது மருந்து. மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும்.

மது கல்லீரலில் கொழுப்பு எரிவதைத் தடுத்துத் துளிகளைப் பெருக்குகிறது. கொழுப்புக் கல்லீரல் இருப்பவர் அதை முற்றிலும் விட வேண்டும்.

இன்சுலின் அல்லது சர்க்கரை குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட உண்ணாநோன்பு இருக்கக் கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் எந்த நிலையிலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கொழுப்பு கட்டுப்பாடின்றிக் கரைந்து, கீட்டோன்கள் பெருகி, ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். உணவு தவறும்போதெல்லாம் குழந்தை அசாதாரணமாகச் சோர்ந்து தூங்கினாலோ, உழைப்புக்குப்பின் சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடம் மாறிய கொழுப்பு திரும்பக் கரையக்கூடியது. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் துளிகள் குறையத் தொடங்குகின்றன. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரலின் அழற்சியும் தணிகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 முதல் 7 கிலோ.